ஓபோகா

வாரத்தில் ஐந்து நாள் பிறர் எலும்பைப் பார்ப்பவன் நான்.
ஷெம்பேட்டர் மருத்துவமனை, தரைத்தளம், எக்ஸ்ரே அறை.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்
என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி
உனக்கு மூச்சுவிடத் தெரியாமல் போயிற்று என்பாள் நெவென்கா.

சனிக்கிழமை. அவள் முன்னே, நான் பின்னே.
மெதானாவைத் தாண்டியதும் தார் நின்றுவிடுகிறது,
பேச்சைப் பாதியில் விட்டவர் போல.
அப்புறம் சரளை.
டயருக்கடியில் நறநறவென்று
யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம்.

இந்தக் கல்லுக்கு இங்கே ஓபோகா என்று பெயர்.
தோண்டும்போது கடப்பாரை மழுங்கும்.
ஒரு பனிக்காலம் வெளியே கிடந்தாலோ
பிஸ்கட் மாதிரி உதிரும்.
கல்லில் நார் உரிக்க முடியாதுதான்.
ரெபூலாக் கொடி நாருக்கா அலைகிறது?
வேரை விட்டுச் சாற்றை உறிஞ்சிக்கொள்கிறது.

பதினாறு சதவீத ஏற்றம்.
மூச்சு வாங்குகிறது.
வாங்குவதா, இந்த உயரத்தில் யார் விற்கிறார்கள்?
எல்லாம் கடன்.
உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் எழும்புகிறது,
எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிக் கல்லைத் துப்புகிறது.
இரண்டுக்கும் நடுவே ஒரு குனிவு இருக்கிறது,
கும்பிடுவதும் இல்லை, ஒளிவதும் இல்லை.
நெவென்காவின் உடம்புக்கு அது தெரியும்.

அந்த உடம்பில் இன்னொன்றும் உண்டு:
இடது காறை எலும்பில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
போன வருஷம் ஏப்ரலில்
இந்தக் குன்றின் மறுபக்க வளைவில் விழுந்தாள்.
அவள் முகம் மனதில் பதியும் முன்பே
அவள் எலும்பு பதிந்துவிட்டது,
இரண்டாக முறிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
திரையில் வெள்ளையாக.
மாதங்கள் கழித்து ரொட்டிக் கடை வரிசையில் பார்த்து
தோள் எப்படி இருக்கிறது என்றேன்.
வேறு என்ன தெரியும் எனக்கு அவளைப் பற்றி?

உச்சி.
தெற்கே கடல், அழிரப்பரால் பாதி அழித்த கோடு.
அறுவடை நேரம். லுட்விக்கின் டிராக்டரில்
பெட்டி பெட்டியாய் மஞ்சள் திராட்சை,
அதற்குமேல் குளவிகளின் இன்னொரு அடுக்கு.
அவர் கையசைத்தார். நாங்கள் இறங்கினோம்.

அந்த வளைவு. ஓரத்தில் எல்லைக்கல்;
அதற்கு அப்பால் அதே கொடிவரிசை
வேறு நாட்டில் தொடர்கிறது.
பிரேக் பிடிப்பாள் என்று நினைத்தேன்.
பிடிக்கவில்லை.
முழங்கையைத் தளர்த்தி, வெளிக்காலைத் தாழ்த்தி,
கண்ணை வளைவின் கடைசியில் ஊன்றிப்
போயே போய்விட்டாள்.

நான் அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்க்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும் என்பார்கள்.
பொய்.
என் சைக்கிள் எல்லைக்கல்லுக்குப் போயிற்று.

டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த லுட்விக்
என்னைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தார்.
ஒரு கம்பி அறுந்திருந்தது.
'போன தடவை இவள். இந்தத் தடவை நீ.
இந்த இடத்துக்கு நான் வாடகை வாங்கவேண்டும்.'

நெவென்கா திரும்ப ஏறி வந்தாள்,
தண்ணீர்ப் புட்டியைப் பல்லால் திறந்தபடி.
முழங்கையில் ரத்தமும் வெள்ளைத் தூளும்
பிசைந்த மாவாகியிருந்தது.
'மூச்சை இழு,' என்றாள்.
'பிடி.'
ஊற்றினாள்.
விடு என்று சொல்ல மறந்துவிட்டாள்,
அல்லது மறக்கவில்லை.

திங்கட்கிழமை தாமியான் என்னைப் படம் எடுத்தான்.
முறிவு இல்லை.
தோலுக்கடியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி,
கடுகைவிடச் சிறியது.
எடுத்துவிடலாமா என்றார் டாக்டர்.
உறுத்தினால் வருகிறேன் என்றேன்.

வலமாகச் சாய்ந்தேனா இடமாகவா,
நினைவில்லை.
அது எந்த நாட்டுக் கல் என்று
படத்தில் தெரியவில்லை.